ஞானப்பல்லை எடுத்தால் தாடை வலி போய்விடுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 26 வயது. ஆறேழு மாதமாக இடது காதுக்கு முன்னால் வலி. வாயைத் திறந்தால் 'டக்' என்று சத்தம் வருகிறது. காலையில் எழும்போது கன்னம் இறுகிப்போய் இருக்கிறது, நெற்றிப்பொட்டும் வலிக்கிறது. காது டாக்டர் பார்த்துவிட்டுக் காதில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். இதற்கிடையில் இடது பக்கம் பாதி மட்டும் முளைத்திருக்கும் கீழ் ஞானப்பல்லின் மேல் ஈறு இரண்டு தடவை வீங்கி, எச்சில்கூட விழுங்க முடியாமல் போய், ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகுதான் அடங்கியது. எக்ஸ்ரேயில் அந்தப் பல் முன்பக்கம் சாய்ந்திருக்கிறதாம், வேர் நரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். ஒரு டாக்டர் நாலு ஞானப்பல்லையும் எடுத்துவிட்டால் தாடை வலியும் சேர்ந்து போய்விடும் என்கிறார். இன்னொருவர், பல்லைத் தொடவே வேண்டாம், தாடை மூட்டுதான் பிரச்சினை, ராத்திரி பல்லின் மேல் மாட்டும் பிளேட் போட்டுக்கொண்டு தூங்குங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? உதடு மரத்துப்போய்விடுமோ என்று வேறு பயமாக இருக்கிறது.

பதில்: வணக்கம்மா. இரண்டு டாக்டர்களும் ஆளுக்குப் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார்கள், அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு குழப்பம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. ஒன்று பல்லுடையது, இன்னொன்று மூட்டும் தசையும் சம்பந்தப்பட்டது. அந்த ஒரு ஞானப்பல்லை எடுக்கத்தான் வேண்டும், ஆனால் தாடை வலிக்காக இல்லை. தாடை வலிக்குத் தனியாக வைத்தியம் வேண்டும், அதுவும் பல் எடுப்பதற்கு முன்னாலேயே தொடங்க வேண்டும்.

இரண்டும் ஏன் இப்படிக் கலந்து தெரிகிறது என்றால், கீழ்த்தாடைப் பற்களுக்கும், தாடை மூட்டுக்கும், மெல்லும் தசைகளுக்கும், காதுக்கு முன்னால் இருக்கும் தோலுக்கும் போவது ஒரே நரம்பின் கிளைகள்தான். முகத்துக்கு வரும் முப்பெரு நரம்பின் மூன்றாவது பிரிவு அது. எந்தக் கிளையில் தொந்தரவு என்று மூளையால் எப்போதும் துல்லியமாகப் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. பல்லில் கோளாறு இருக்கும்போது காது வலிக்கும், தசை இறுகியிருக்கும்போது பல் வலிப்பதுபோல இருக்கும், நல்ல பல்லைக் காட்டி இதை எடுத்துவிடுங்கள் என்று வந்து நிற்பவர்கள்கூட உண்டு. காது டாக்டரிடம் போனது வீண் என்று நினைக்காதீர்கள், காதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததே பெரிய உதவி.

சரி, எந்த வலி எதனுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதை நீங்களே வீட்டில் கொஞ்சம் பார்க்கலாம். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, பல்லை இறுகக் கடியுங்கள். கன்னத்தின் பின்பக்கம், தாடை எலும்பின் மூலைக்குச் சற்று மேலே ஒரு தசை புடைத்துக்கொண்டு வரும். கடிப்பதை விட்டுவிட்டு, அந்த இடத்தை இரண்டு விரலால் அழுத்தி மெதுவாக மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். எங்கோ ஓர் இடத்தில் 'இதுதான், இந்த வலிதான்' என்று தோன்றினால், உங்கள் வலியில் பெரும்பங்கு தசையில் இருந்து வருகிறது. நெற்றிப்பொட்டிலும் அதேபோல அழுத்திப் பாருங்கள். சும்மா அழுத்தினால் யாருக்கும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும், அது கணக்கில்லை. நாள்தோறும் உங்களைப் படுத்துகிற அந்தப் பழகிய வலி திரும்ப வருகிறதா என்பதுதான் கேள்வி. நாங்கள் பரிசோதிக்கும்போதும் இதைத்தான் கேட்போம்.

அப்புறம் காதுக்கு முன்னால் விரல் நுனிகளை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடுங்கள். தாடையின் உருண்டை முனை முன்னால் நகர்வது விரலுக்கே தெரியும். அந்த முனைக்கும் மேலே உள்ள எலும்புக் குழிக்கும் நடுவில் ஒரு சிறிய தட்டு இருக்கிறது. அது முன்பக்கம் நழுவியிருந்தால், வாய் திறக்கும்போது எலும்பு முனை அதன் மேல் திரும்ப ஏறிக்கொள்ளும், அந்த நொடியில்தான் 'டக்'. தாடை முதலில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய் சத்தம் வந்ததும் நடுவுக்குத் திரும்பினால் பெரும்பாலும் இதுதான். சத்தம் மட்டும் இருந்து வலி இல்லை என்றால் அதற்கு எந்த வைத்தியமும் தேவையில்லை, வாழ்நாள் முழுவதும் அந்தச் சத்தத்தோடு நன்றாக இருப்பவர்கள் ஏராளம். உங்களுக்கு வலியும் சேர்ந்திருப்பதால்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

கடைசியாக, உங்கள் கையின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேல்-கீழ் முன்பற்களுக்கு நடுவில் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் வாய் ஓரளவு சரியாகவே திறக்கிறது. பெரியவர்களுக்குச் சாதாரணமாக 35 மில்லிமீட்டருக்கு மேல் திறக்க வேண்டும், பலருக்கு 40, 50 கூட வரும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இவ்வளவு நாள் வந்த சத்தம் திடீரென்று நின்று, அதே சமயம் வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்க மறுத்தால், சத்தம் போனதே என்று சந்தோஷப்பட வேண்டாம். நழுவிய தட்டு திரும்பி வராமல் மாட்டிக்கொண்டிருக்கலாம். அதை வாரக்கணக்கில் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

ஞானப்பல்லின் வலி இப்படி இருக்காது. அது வாயின் கடைசி மூலையில், ஈறில் இருக்கும். பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு ஒரு மூடிபோல மடிந்திருக்கும், அதற்கு அடியில் பிரஷ் போகவே போகாது, சாப்பாட்டுத் துணுக்கும் கிருமியும் தேங்கும். வீங்கினால் மேல் பல் அந்த வீக்கத்தின் மேலேயே கடிக்கும், இன்னும் வீங்கும். வாயில் கெட்ட ருசி, நாற்றம், விழுங்கும்போது தொண்டைப் பக்கம் வலி, தாடைக்குக் கீழே நெறி கட்டுவது, சில நாள் வாய் திறக்க முடியாமை, இதெல்லாம் இதன் அடையாளம். வந்தால் சில நாள் ஆட்டிவைத்துவிட்டுப் போய்விடும். மாதக்கணக்கில் தினமும் காலையில் எழுந்ததும் இரண்டு கன்னமும் இறுகியிருப்பது ஞானப்பல்லின் வேலை இல்லை, அது தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களிடம் பார்ப்பது.

இப்போது பல்லுக்கு வருவோம். வலியே தராத, எந்தக் கெடுதலும் செய்யாத புதைந்த ஞானப்பல்லை, பின்னால் ஏதாவது ஆகிவிடும் என்று முன்கூட்டியே எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. எந்த வைத்தியம் தேவை என்று டாக்டர்களுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000-ஆம் ஆண்டிலேயே இந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லிவிட்டது. ஈறு வீக்கம் ஒரே ஒரு தடவை வந்து, அதுவும் கடுமையாக இல்லை என்றால் பொறுத்துப் பார்க்கலாம், இரண்டாவது தடவை வந்தால் எடுப்பதற்கு அதுவே போதுமான காரணம் என்பதும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. உங்களுக்கு இரண்டு தடவை வந்துவிட்டது. ஆன்டிபயாடிக் அந்த நேரத்துக்கு அடக்குமே தவிர, ஈறு மடிப்பு அங்கேயேதான் இருக்கிறது, மறுபடியும் வரும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு ஒன்று, அதை இரண்டு டாக்டரும் உங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. ஞானப்பல் முன்பக்கம் சாய்ந்து முளைக்கும்போது அதன் தலை, முன்னால் இருக்கும் கடைவாய்ப்பல்லின் பின்பக்கத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடுக்கில் சாப்பாடு சிக்கி, முன்னால் இருக்கும் நல்ல பல்லின் பின்புறம், ஈறுக்குக் கீழே சொத்தை விழும். கண்ணுக்குத் தெரியாது, ரொம்ப நாள் வலிக்காது, வலிக்கத் தொடங்கும்போது சொத்தை நரம்பை எட்டியிருக்கும், சில சமயம் இரண்டு பல்லையுமே இழக்க வேண்டி வரும். ஞானப்பல் போனால் மெல்லுவதில் ஒரு குறையும் தெரியாது. அதற்கு முன்னால் இருப்பது வாழ்நாளுக்கும் வேண்டிய பல். அதனால் அடுத்த முறை போகும்போது எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு, 'முன்னால் இருக்கிற பல்லின் பின்பக்கம் சுத்தமாக இருக்கிறதா?' என்று கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் ஒரு சின்ன எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

நாலையும் எடுக்க வேண்டுமா? மற்ற மூன்றைப் பற்றி நீங்கள் எந்தத் தொந்தரவும் சொல்லவில்லை. நேராக முளைத்து, பிரஷ் எட்டுகிற பல்லை எடுக்கத் தேவையில்லை. எலும்புக்குள் முழுதாகப் புதைந்து வாயோடு தொடர்பே இல்லாமல் கிடப்பதையும் அவ்வப்போது எக்ஸ்ரே பார்த்துக்கொண்டு விட்டுவிடலாம். இடது மேல் ஞானப்பல்லை மட்டும் யோசிக்க வேண்டும். அது கீழ் ஈறின் மேல் கடித்துக்கொண்டிருந்தால், அல்லது கன்னத்துப் பக்கம் திரும்பியிருந்தால், கீழ்ப்பல்லோடு சேர்த்தே எடுப்பது நல்லது. 'ஞானப்பல் தள்ளித்தான் முன்பல் கோணலாகிறது, அதனால் எடுத்துவிடுங்கள்' என்று யாராவது சொன்னால் அதற்காகவும் எடுக்க வேண்டாம். அதற்கு நல்ல ஆதாரம் கிடையாது, ஞானப்பல் பிறவியிலேயே இல்லாதவர்களுக்கும் வயது ஏற ஏற முன்பல் நெருக்கியடிக்கிறது.

நரம்பு பயம் நியாயமான பயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய்போல ஓடும் பாதையில் அந்த நரம்பு போகிறது, கீழுதட்டின் பாதிக்கும் மோவாய்க்கும் தொடு உணர்வு தருவது அதுதான். அது உணர்வு நரம்பு மட்டுமே. பாதிக்கப்பட்டாலும் உதடு கோணாது, பேச்சு குழறாது, மரத்த உணர்வோ கூச்சமோ இருக்கும், அவ்வளவுதான். ஞானப்பல் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஒரு சிலருக்கு இப்படித் தற்காலிகமாக மரத்து, வாரங்களிலோ சில மாதங்களிலோ சரியாகிவிடும். நிரந்தரமாக நிற்பது பொதுவாக நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆனால் வேர் நரம்போடு ஒட்டிக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கு கூடும், அதைத்தான் உங்கள் விஷயத்தில் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். முழுத் தாடை எக்ஸ்ரேயில் நரம்புப் பாதையின் வெள்ளைக் கோடு வேரைக் கடக்கும் இடத்தில் அறுந்து தெரிகிறதா, வேர் அந்த இடத்தில் கருத்துத் தெரிகிறதா, பாதை வளைந்து போகிறதா என்று பார்ப்பார்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் பல்லுக்கான முப்பரிமாண சி.டி. ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது. வெறும் எக்ஸ்ரேயில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிவது, ஸ்கேனில் பக்கத்தில் பக்கத்தில் தள்ளி இருப்பதாகத் தெரிந்து நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள் நிறைய. உண்மையிலேயே ஒட்டியிருந்தால், பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை எலும்புக்குள்ளேயே விட்டுவிடும் முறை ஒன்று இருக்கிறது. பல்லில் சொத்தையோ வேரில் சீழோ இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. நாக்குக்குப் போகும் நரம்பு பல்லின் உள்பக்கத்தில் போகிறது, அதைப் பற்றியும் ஓரல் சர்ஜனிடம் கேளுங்கள், நல்ல சர்ஜன் எரிச்சல்படாமல் பதில் சொல்வார்.

இனி தாடை. இரவு பிளேட் போடச் சொன்ன டாக்டர் சொன்னது தவறில்லை, ஆனால் பிளேட் மட்டும் போதாது. பகலில் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நிமிடம் உங்கள் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? ஓய்வில் அவை தொடவே கூடாது. மெல்லும்போதும் விழுங்கும்போதும்தான் பல்லோடு பல் சேர வேண்டும், மொத்தமாகக் கூட்டினால் ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள்தான் வரும். ஆனால் திரையைப் பார்த்து வேலை செய்யும்போது, வண்டி ஓட்டும்போது, கோபத்தை அடக்கிக்கொள்ளும்போது மணிக்கணக்கில் கடித்துக்கொண்டே இருப்போம், நமக்கே தெரியாது. மூட்டை தூக்குகிறவருக்குத் தோள் வலிப்பதுபோலத்தான் இந்தத் தசைக்கும் வலிக்கிறது. உதடு மூடியிருக்கட்டும், பல் விலகியிருக்கட்டும், நாக்கின் நுனி மேல் முன்பல்லுக்குப் பின்னால் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். இந்த நிலையில் பல்லைக் கடிப்பது கஷ்டம். கணினியிலும் போனிலும் ஒரு வண்ண ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள், கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தளர்த்துங்கள். சாதாரண யோசனைபோலத் தெரியும், ஆனால் விடாமல் செய்பவர்களுக்கு இது தரும் நிம்மதியை மாத்திரை தருவதில்லை.

கூடவே சில வாரங்களுக்கு மென்மையான சாப்பாடு, சின்னத் துண்டுகளாக, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மென்று. சூயிங்கம் வேண்டாம். நகம், பேனா மூடி கடிப்பது இருந்தால் விடுங்கள். கன்னத்துத் தசைமேல் வெதுவெதுப்பான ஒத்தடம் பதினைந்து நிமிடம், தினம் இரண்டு மூன்று தடவை. கொட்டாவி வரும்போது முகவாய்க்கட்டையின் கீழ் முஷ்டியை வைத்துத் தாங்கிக்கொள்ளுங்கள், வாய் அகலமாகப் பிளக்காது. கவிழ்ந்து படுக்க வேண்டாம். வலி அதிகமாக இருக்கும் நாட்களில் ஐபுபுரோஃபன் போன்ற மாத்திரை சில நாள் உதவும், வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம் என்று ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

பிளேட் போடுவதென்றால் எல்லாப் பற்களையும் மூடுகிற கெட்டியான பிளேட்டாக, உங்கள் பல்லின் அச்செடுத்துச் செய்ததாக இருக்கட்டும். முன்பல்லை மட்டும் மூடும் சின்ன பிளேட்டைக் கண்காணிப்பு இல்லாமல் மாதக்கணக்கில் போட்டால் கடியே, அதாவது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேரும் விதமே, மாறிப்போகலாம். 1934-இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் காது வலியையும் தாடை மூட்டையும் இணைத்து எழுதி, குற்றத்தைக் கடியின் மேல் போட்டார். அதன்பிறகு பல பத்தாண்டுகள் நல்ல பற்களை ராவியும், பல்லின் மேல் 'கிரவுன்' என்ற மூடி மாட்டியும் கடியை மாற்றிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் தாடை வலிக்காக யாராவது உங்கள் பல்லை ராவ வேண்டும், கிளிப் போட வேண்டும் என்று சொன்னால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். ராவிய பல் திரும்ப வளராது. இந்த வலி பெரும்பாலானவர்களுக்கு ஓய்வு, பயிற்சி, பழக்க மாற்றம் ஆகியவற்றிலேயே அடங்கிவிடும். திரும்பச் சரிசெய்ய முடியாத எதையும் தொடக்கத்திலேயே செய்யக் கூடாது என்பதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வரிசையைப் பற்றிச் சொல்கிறேன். ஈறு வீக்கம் இப்போது அடங்கியிருக்கிறது என்பதால் அவசரம் இல்லை. நாலு முதல் ஆறு வாரம் தாடைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, மூன்று விரல் தாராளமாக நுழையும்போது பல் எடுக்கத் தேதி வாங்குங்கள். அதுவரை சாப்பிட்டதும் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பதும், சின்னத் தலை பிரஷ்ஷால் அந்த மூலையைத் தேய்ப்பதும் முக்கியம். இந்த வரிசையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், புதைந்த கீழ்ப்பல்லை எடுக்கும்போது வாயை ரொம்ப நேரம் அகலமாகத் திறந்து வைத்திருக்க வேண்டும், தாடையின் மேல் கீழ்நோக்கி அழுத்தம் விழும். ஏற்கெனவே நொந்திருக்கும் மூட்டு அதில் இன்னும் மோசமாகலாம், பல் எடுத்த பிறகுதான் தாடை வலியே வந்தது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் சர்ஜனிடம் முதலிலேயே 'எனக்குத் தாடை மூட்டு வலி இருக்கிறது' என்று சொல்லுங்கள். எடுக்காத பக்கத்தில் கடித்துக்கொள்ள ரப்பர் கட்டை வைப்பார்கள், நடுநடுவே வாயை மூடி ஓய்வு தருவார்கள், தாடையைக் கீழிருந்து ஒரு கை தாங்கிப் பிடித்துக்கொள்ளும், பல்லை நெம்பாமல் துண்டாக வெட்டி எடுப்பார்கள். முழு மயக்கத்தில் செய்வதென்றால் மயக்க மருத்துவரிடமும் இதையே சொல்லுங்கள், ஏனென்றால் மயக்கத்தில் இருக்கும்போது வலிக்கிறது என்று நீங்கள் கை தூக்க முடியாது.

எடுத்த பிறகு வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறி அப்புறம் இறங்கும், வாய் ஒன்றிரண்டு வாரம் முழுதாகத் திறக்காது, அது எதிர்பார்த்ததே. முதல் நாள் கொப்பளிக்க வேண்டாம், ஸ்ட்ரா வேண்டாம், புகை கூடவே கூடாது. மூன்றாம் நாள் வாக்கில் வலி குறைவதற்குப் பதிலாகக் கூடி, காது வரை குடைந்தால், குழியில் இருக்க வேண்டிய ரத்தக்கட்டு போய்விட்டது என்று அர்த்தம், போய்க் கழுவி மருந்து வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். முதல் வாரம் கடந்ததும் விரலால் வற்புறுத்தாமல் மெதுவாக வாய் திறக்கும் பயிற்சியைத் தொடங்குங்கள்.

தேதி வருவதற்குள் மறுபடி வீங்கி, காய்ச்சல் வந்தால், ஒரு விரல்கூட நுழையாமல் வாய் பூட்டிக்கொண்டால், நாக்குக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம் பரவினால், எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால், பல் டாக்டரின் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், ராத்திரியாக இருந்தாலும் சரி.

பல் போய், மூன்று மாதம் தாடைக்கும் ஒழுங்காகச் செய்து பார்த்தும் காதுக்கு முன்னால் வலி அப்படியே இருந்தால் மூட்டுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது, தாடைக்கான பிசியோதெரபி, மூட்டுக்குள் ஊசிவழியாகக் கழுவிவிடுவது என்று அடுத்த வழிகள் இருக்கின்றன. அப்போது எக்ஸ்ரே, ஸ்கேன் ரிப்போர்ட்டோடு மறுபடி எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.